அடைகாத்த கிணற்றுத் தண்ணீர்

ஆண்மகனாகப் பிறந்தவன் வாழ்நாளில் ஒரு தடவையாவது வீர சபதம் எடுக்க வேண்டும். நான் 1938-ஆம் வருஷம் ஆடி மாதம் ஒரு விடியற்காலையில் எடுத்தேன். சைக்கிளை மிதித்துக்கொண்டே எடுத்தேன். இரண்டு பக்கமும் இரண்டு பித்தளைக் குடங்கள் தொங்கின. எதிரே காற்று. கீழே மணல். பின்னால் ஒரு நாய்.

"இனிமேல் தண்ணீர் சுமப்பதில்லை!"

உரக்கத்தான் சொன்னேன். கேட்டது நாய் மட்டும்தான். வீட்டில் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

என் பெயர் சத்தியநேசன். இராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லின் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். எங்கள் வீட்டுப் புறவாசலிலேயே ஒரு கிணறு இருக்கிறது. அடுப்படியிலிருந்து பத்து எட்டு வைத்தால் தண்ணீர். கொஞ்சம் சவர்த் தண்ணீர், லேசாக உப்புக் கரிக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது என் மனைவி ஞானரத்தினத்தின் கட்சி. வேகாவிட்டால் மென்று தின்கிறேன் என்றேன். "பல்லு இருக்குற வரைக்கும் சரி. பொறவு?" என்று கேட்டாள்.

ஆகையால் தினமும் விடியுமுன்னே ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஒரு மைல் மிதித்து எங்கள் கிறிஸ்தவ வேதக்கோயிலுக்குப் போவேன். அந்தக் கோயில் கிணற்றுத் தண்ணீர் அப்படியே இளநீர். அதில் போட்ட பருப்பு, அடுப்பைப் பார்த்த மாத்திரத்திலேயே குழைந்துவிடும். இரண்டு குடம் நிறைத்துக்கொண்டு திரும்புவேன். சரியாக அந்த நேரத்துக்குத்தான் மில்லில் ஷிப்டு மாறும்.

"ஏலே, வழி விடுங்கலே! தண்ணிக் கம்பவுண்டரு வாராரு!"

கம்பவுண்டரைப் பார்த்துத் தண்ணீர் என்று சொல்வது எப்பேர்ப்பட்ட அவமானம் என்பது எங்கள் ஆஸ்பத்திரி மிக்சர் மருந்தைக் குடித்தவர்களுக்குத்தான் புரியும்.

முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் இன்னொரு தண்ணீர்க் கண்டத்திலிருந்து தப்பியிருந்தேன். எங்கள் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு மறுநாள் அசனம் உண்டு. சபையார் எல்லாரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அதற்கு வேலை பங்கு போட்டுக்கொண்டிருந்தார் நேசையன் உபதேசியார். கோயில் காரியம் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு ஓடுகிற மனிதர். வயசு எழுபது. கோபமே வராது. அதனால்தான் அவரிடம் இல்லை என்று சொல்வது கஷ்டம்.

"கம்பவுண்டர் தம்பி, ஆடிக் காத்துல பந்தல் பூரா ஒரே தூசியா இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால தண்ணி தெளிச்சு அமத்தணும். ஒரு ஆளும் கெடைக்க மாட்டேங்கான். நீங்க ஏத்துக்கிடுதியளா?"

"ஐயோ, இடுப்புப் பிடிப்பு ஐயா. டாக்டர் குனியவே கூடாதுன்னுட்டாரு."

அவர் நம்பினார். எனக்காக ஜெபிக்கிறேன் என்றுகூடச் சொன்னார். பக்கத்தில் நின்ற ஞானம் என் இடுப்பை ஒரு தரம் பார்த்தாள்.

சபதத்தை நிறைவேற்ற வழி தெரியாமல் தவித்த எனக்கு, வழி மில் ஆஸ்பத்திரிக்கே தேடிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் எங்கோ வாந்திபேதி என்று ஒரு வதந்தி. மில் கிணறுகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எங்கள் டாக்டர் மதராசிலிருந்து ஒரு பெட்டி நிறையக் கண்ணாடிக் குழாய்கள் தருவித்தார். ஒவ்வொன்றிலும் ஊதா நிறத்தில் ஏதோ கஞ்சி. கஞ்சிக்குள்ளே விரல் நுனி பெரிசில் ஒரு குட்டிக் குழாய் தலைகீழாக நின்றது. வாயில் பஞ்சு அடைத்திருந்தது.

டாக்டர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். உற்சாகம் வந்தால் வெளியிலும் பேசுவார்.

"ஏமய்யா சத்தியநேசன், இதுல மாட்டுப் பித்தத்து உப்பு இருக்கு. பால் சர்க்கரை இருக்கு. லிட்மஸ் இருக்கு. மத்த கிருமிக்கெல்லாம் பித்தம் ஆகாது, செத்துப் போகும். குடல்ல வாழுற கிருமிக்கு மட்டும் பித்தம் பழக்கம். அது சட்டமா உக்காந்து பால் சர்க்கரையைத் தின்னும். தின்னா என்ன ஆகும்?"

"கொழுக்கும், டாக்டர்."

"புளிக்கும்யா! புளிச்சா ஊதா சிவப்பாகும். வாயு கிளம்பும். வாயு இந்தக் குட்டிக் குழாய்க்குள்ள ஏறி நிக்கும். அப்படி நின்னுச்சோ, அந்தத் தண்ணியில எங்கேயோ மலம் கலந்திருக்குன்னு அர்த்தம். வாந்திபேதிக்குக் கதவு திறந்திருக்குன்னு அர்த்தம். உடம்புச் சூட்டுல ரெண்டு நாள் வச்சாப் போதும்."

அந்த இடத்தில் எனக்கு ஞானம் பிறந்தது. என் மனைவி ஞானம் அல்ல. அவளுக்கு இப்படிப்பட்ட யோசனை எல்லாம் வராது என்று அன்று நினைத்தேன்.

கோயில் கிணற்றுத் தண்ணீர் சிவக்க வேண்டும். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊதாவாகவே இருக்க வேண்டும். அவ்வளவுதான். அப்புறம் எந்தப் பெண்பிள்ளை புருஷனை வாந்திபேதிக் கிணற்றுக்கு அனுப்புவாள்? விடிந்து வெகு நேரம் வரைக்கும் தூங்கலாம். டாக்டரிடம் மிச்சம் இருந்த நாலு குழாயைக் கேட்டேன். "வீட்டுக் கிணத்தைப் பாக்கப் போறியா? பேஷ்!" என்று முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் ஞானத்தை உட்காரவைத்துப் பிரசங்கம் செய்தேன்.

"இது என்னது, கத்திரிக்கா ஊறவச்ச தண்ணி மாதிரி?"

"விஞ்ஞானம்."

"பேரைக் கேக்கல. உள்ள என்ன இருக்கு?"

"மாட்டுப் பித்தத்து உப்பு. பால் சர்க்கரை."

"இது யாரு குடிக்க?"

"கிருமி குடிக்க."

"கிருமிக்குச் சக்கரை போட்டு விருந்தா? இந்த வீட்டுல கறி எடுத்து ஒரு மாசமாச்சு."

நான் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினேன். பித்தம், புளிப்பு, சிவப்பு, வாயு. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தண்ணி சவரா இருந்தா செவக்குமா?"

"சவர் வேற, கிருமி வேற, ஞானம். நாக்குக்குத் தெரியுறது சவர். விஞ்ஞானத்துக்குத் தெரியுறது கிருமி."

"கொஞ்சம்போல கிருமி இருந்தா?"

"கொஞ்சம், நிறைய எல்லாம் அதுக்குக் கிடையாது. ஒண்ணு உள்ள போனாலும் ஊரையே கூட்டிரும்."

"குழாய் நாலு இருக்கே. கிணறு ரெண்டுதான?"

"மிச்சம் ரெண்டும் உபரி. அலமாரியில கிடக்கட்டும்."

அவள் இத்தனை கேள்வி கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆயிரம்தான் இருந்தாலும் புருஷன் படித்தவன் என்று புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கோயில் கிணற்றுத் தண்ணீர் ஒரு குப்பியில் கொண்டுவந்தேன். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு குப்பியில் எடுத்து, ஆஸ்பத்திரி ஸ்பிரிட் அடுப்பில் நன்றாகக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்தேன். கொதித்த தண்ணீரில் எந்தக் கிருமி பிழைக்கும்? வீட்டுக் கிணறு பாஸ். இனி கோயில் கிணறு பெயிலாக வேண்டும். அது நல்ல கிணறு என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. விஞ்ஞானம் உண்மை பேசும்தான். ஆனால் என் பக்கம் பேசும் என்று என்ன நிச்சயம்? நாம் கொஞ்சம் கைகொடுக்க வேண்டாமா?

கையைக்கூடக் கொடுக்கவில்லை. சுண்டுவிரல் நுனியை மட்டும் கொடுத்தேன். ஞானம் பக்கத்து வீட்டு இருளம்மாளோடு கடைக்குப் போயிருந்தாள். அடுப்படியில் தோசை மாவுச் சட்டி பொங்கிக்கொண்டு நின்றது. இப்படி ஊதி எழும்புகிற சாமானில் வாயுவுக்கு என்ன பஞ்சம்! சுண்டுவிரலை மாவில் தொட்டேன். விரலைக் கோயில் தண்ணீர்க் குழாயில் அலசினேன். அடையாளத்துக்குக் கோயில் குழாயில் வெள்ளை நூல் கட்டினேன். வீட்டுக் குழாயில் கறுப்பு நூல். விரலைத் துடைத்துக்கொண்டு ஒரு ஞானப்பாட்டுக்கூட முனகினேன்.

அடுத்தது உடம்புச் சூடு. டாக்டரிடம் அதற்கென்று ஒரு சூட்டுப் பெட்டி இருந்தது. அதில் வைத்தால் அவர் எட்டிப் பார்ப்பார். பார்த்தால் கேள்வி கேட்பார். எதற்கு வம்பு? எனக்கு உடம்பு இல்லையா, அதில் சூடு இல்லையா? ஆஸ்பத்திரிக் கட்டுத் துணியைச் சுற்றி இரண்டு குழாயையும் வயிற்றோடு வயிறாக நிமிர்த்திக் கட்டிக்கொண்டேன். மேலே சட்டை போட்டேன்.

உட்கார்ந்தால் குழாய் சாயும். சாய்ந்தால் வாயு தங்காது. ஆகையால் உட்காரவில்லை. குனிந்தால் குத்தும். ஆகையால் குனியவில்லை. காலை முழுக்க நின்றபடியே மருந்து கலக்கினேன். ஒரு நோயாளி காசு கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

மத்தியானம் வீட்டில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டேன்.

"இடுப்புப் பிடிப்பு நெசமாவே வந்துட்டா?" என்றாள் ஞானம்.

"அதில்ல..."

"சட்டையைத் தூக்குங்க."

தூக்கினேன்.

"ரெண்டு நாளைக்கு இப்பிடியேவா?"

"ஆமா."

"படுக்குறது?"

"படுக்கக்கூடாது."

"வண்டி மாட்டையாவது ராத்திரி அவுத்து விடுவாவ. ஏங்க, உடம்புச் சூடுதான வேணும்? யாரு உடம்புன்னு ஏதும் சட்டம் இருக்கா?"

"இல்ல. ஏன்?"

"செவலை அடை கெடக்கு."

செவலை என்பது எங்கள் வீட்டுக் கோழி. மணல் பரப்பிய கூடையில் முட்டைகள் மேல் இறக்கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டில் ஞானத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிற ஜீவன்கள் இரண்டு. அதில் செவலையும் ஒன்று. இன்னொரு ஜீவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் யோசனை பிரமாதமாக இருந்தது. அடைக்கோழி எழுந்திருக்காது. அலுத்துக்கொள்ளாது. டாக்டரின் சூட்டுப் பெட்டிக்கு மண்ணெண்ணெய் வேண்டும். இதற்கு ஒரு பிடி கம்பு போதும். குழாய்களை எடுத்துக்கொண்டு கூடைப் பக்கம் குனிந்தேன். செவலை என் சுண்டுவிரலைப் பார்த்துக் கொத்தியது. பத்து விரல் இருக்க அதே சுண்டுவிரலை!

"அந்தால தள்ளி நில்லுங்க. உங்களுக்கு அது படியாது" என்றாள் ஞானம். குழாய்களை வாங்கிக்கொண்டாள். மணலில் முட்டைகளுக்கு நடுவே குத்திட்டுப் புதைத்தாள். செவலை அவளை ஒன்றும் செய்யவில்லை. "ரெண்டு நாளைக்கு நீங்க இந்தப் பக்கமே வராதிய. கோழி மிரண்டு எந்திரிச்சா முட்டை பூராக் கூமுட்டையாப் போகும்."

நான் போகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருளம்மாள் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

"ஏட்டி ஞானம், கோழிக்கு அடியில என்னத்தட்டி சொருகிக்கிட்டு இருக்க?"

"அவிய கிணத்தை அடை வச்சிருக்காவக்கா."

"கிணத்தையா!"

"ரெண்டு கிணத்தை."

"பொரிச்சா என்ன வரும்?"

"அதான் பாக்கணும்."

இரண்டு நாள் கழிந்தது. சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து துள்ளிக்கொண்டு வந்தேன். முடிவை ஞானத்திடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை. முகத்தில் வருத்தம் இருக்க வேண்டும். "என்ன செய்ய ஞானம், நம்ம அதிர்ஷ்டம் அவ்வளவுதான். இனிமே வீட்டுத் தண்ணிதான்" என்று பெருமூச்சு விட வேண்டும். ஒரே ஒரு ஆள் பார்க்கும்படி போட்ட நாடகம் அது.

வீட்டுக்குள் நுழைந்தால் நாற்காலியில் நேசையன் உபதேசியார் மோர் குடித்துக்கொண்டிருக்கிறார். வாசற்படியில் இருளம்மாள்.

"வாங்க தம்பி! நம்ம கோயில் கிணத்தைச் சோதிக்கியளாமே. ஞானம் ஆளு விட்டுச்சு, ஓடியாந்தேன். எம்புட்டு நல்ல காரியம்!"

நான் ஒரு கும்பிடு போட்டேன். அதற்குள் ஞானம் புறவாசலுக்குப் போய் இரண்டு குழாய்களோடு வந்துவிட்டாள். ஒன்றில் இன்னும் கோழி இறகு ஒட்டிக்கொண்டிருந்தது.

கறுப்பு நூல், சுத்தமான ஊதா. குட்டிக் குழாயில் ஒரு பொட்டு வாயு இல்லை.

வெள்ளை நூல், ரத்தச் சிவப்பு. குட்டிக் குழாய் பாதிக்கு மேல் வாயு. தோசை மாவு என்னை ஏமாற்றவில்லை.

"எது கோயில் கிணறு?" என்று கேட்டார் உபதேசியார்.

"செவந்தது ஐயா. உள்ள கிருமி கெடக்கு. அவிய கண்டுபிடிச்சிருக்காவ" என்றாள் ஞானம்.

"கர்த்தாவே! முப்பது வருசமா அதைத்தான குடிக்கேன்!"

"அதான் ஐயாவுக்கு அந்த ஏப்பமா?" என்றாள் இருளம்மாள்.

"அப்படி ஒண்ணும் பயப்படுறதுக்கு இல்ல ஐயா, ஏதோ கொஞ்சம்போல..." என்று நான் ஆரம்பித்தேன்.

"கொஞ்சம், நிறைய எல்லாம் அதுக்குக் கெடையாதுன்னு சொன்னியளே? ஒண்ணு போனாலும் ஊரையே கூட்டிரும்னியளே?" என்றாள் ஞானம்.

உபதேசியார் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "வார சனிக்கிழமை அசனம். எண்ணூறு பேரு சாப்பிடணும். எந்தத் தண்ணியில ஆக்குவேன்?"

மூன்று பேரும் கறுப்பு நூல் கட்டிய குழாயைப் பார்த்தார்கள். நான் கதவைப் பார்த்தேன்.

"எங்க கிணறு இருக்குல்லா?" என்றாள் ஞானம்.

"அது சவராச்சேம்மா."

"சவர் வேற, கிருமி வேற, ஐயா. நாக்குக்குத் தெரியுறது சவர். விஞ்ஞானத்துக்குத் தெரியுறது கிருமி."

"ஒரு பீப்பாய் வண்டி பிடிச்சா..." என்றேன் நான். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பீப்பாயில கிருமி இருந்தா? வண்டிக்காரன் கையில இருந்தா? அவிய கை தினமும் கார்பாலிக் சோப்புப் போட்டுக் கழுவுற கை ஐயா. அந்தச் சைக்கிளு, அந்த ரெண்டு குடம், அந்தக் கை. வேற ஒருத்தரும் தொடக்கூடாது."

"தம்பிக்கு இடுப்புப் பிடிப்பாச்சேம்மா" என்றார் அந்த நல்ல மனிதர்.

"அது போயிட்டு. முந்தாநாளு நட்டக்குத்தலா நின்னாவல்லா, அதுலயே சரியாயிட்டு."

அந்த நிமிஷத்தில் 'மாவு' என்ற ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். வார்த்தை தொண்டைவரைக்கும் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்தான் எனக்குச் சத்தியநேசன் என்று பேர் வைக்கச் சொல்லி என் அப்பாவுக்கு யோசனை சொன்னவர். விழுங்கிவிட்டேன். உபதேசியார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். ஞானம் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவந்தாள்.

பண்டிகை அன்றும் மிதித்தேன். அசனத்தன்று காலையிலும் மிதித்தேன். இதுவரை கோயிலிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் போனது. இப்போது வீட்டிலிருந்து கோயிலுக்குப் போனது. எத்தனை நடை என்று எண்ணவில்லை. எண்ணினால் அழுதிருப்பேன். மில் வாசலில் அன்றும் ஷிப்டு மாறியது.

"ஏலே, தண்ணிக் கம்பவுண்டரு நெறகுடத்தோட திரும்பிப் போறாருலே!"

"தண்ணி பிடிக்கலையாம்லே. திருப்பிக் குடுக்கப் போறாரு!"

பந்தல் வாசலில் ஞானம் நின்றாள். குடங்களை அவளே இறக்கி வாங்கிக்கொண்டாள். "உள்ள வராதிய, அடுப்புப் புகை கண்ணைக் கரிக்கும். அடுத்த நடைக்குப் போங்க" என்பாள். வெறுங்குடம் திரும்பி வரும். உள்ளே மம்சாபுரத்துச் சமையல்காரர் வீரணன் அண்டாக்களோடு சண்டை போடுகிற சத்தம் கேட்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கடைசி நடைக்கு எங்கள் கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் மாடு கத்தியது. திரும்பிப் பார்த்தேன். கிணற்றுக்கும் பின்வீட்டு மாட்டுத் தொழுவத்துக்கும் நடுவே ஒரு முழம் கைப்பிடிச் சுவர். சுவரின் அடியில் ஈரம். கைவாளி அப்படியே நின்றுவிட்டது.

இந்தக் கிணற்றை யாரும் சோதிக்கவே இல்லை. நான் சோதித்தது ஸ்பிரிட் அடுப்பில் கொதித்த தண்ணீரை.

எண்ணூறு பேர்! என் ஒருவனுடைய காலைத் தூக்கத்துக்காக எண்ணூறு பேருக்கு மாட்டுச் சாணித் தண்ணீர்! மானமாவது மண்ணாங்கட்டியாவது, உபதேசியார் காலில் விழுந்து சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். குடத்தைப் போட்டுவிட்டு வெறும் சைக்கிளில் பறந்தேன்.

போய்ச் சேரும்போது முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது. இலையில் சோறு விழுந்துவிட்டது. யாரோ என் தோளை அமுக்கி ஒரு இலைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். உபதேசியார் ஜெபிக்க எழுந்தார். இதுதான் சமயம். நானும் எழுந்தேன்.

"ஐயா! ஒரு நிமிசம்..."

"தம்பியே எந்திரிச்சிட்டாரு!" என்று முகம் மலர்ந்தார் உபதேசியார். "ஜெபத்துக்கு முன்னால ஒரு நன்றி சொல்லணும் சபையாரே. இலை அறுத்தவுகளுக்கும் விறகு குடுத்தவுகளுக்கும் நன்றி. எல்லாத்துக்கும் மேல, இடுப்புப் பிடிப்போட, ஒரு மைல் தூரத்துலருந்து, ரெண்டு நாளா, பந்தல்ல தூசி அடங்கத் தெளிக்கத் தண்ணி சொமந்துக்கிட்டு வந்த நம்ம கம்பவுண்டர் தம்பிக்கு நன்றி! இம்புட்டுக் காத்துக்கும் ஒரு இலையில மண்ணு இல்ல, பாருங்க!"

பந்தியில் இருந்த அத்தனை பேரும் இலையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். "கண்களை மூடுவோம்" என்றார் உபதேசியார். எனக்குக் கண் மூடவில்லை. வாயும் மூடவில்லை.

ஆமென் சொல்லி உட்கார்ந்ததும் சாம்பார் வாளியோடு ஞானம் வந்தாள். என் இலையில் ஊற்றினாள். பருப்பு வெண்ணெயாகக் குழைந்திருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் செய்கிற காரியமே அல்ல.

"இது எந்தத் தண்ணி?" என்றேன், மெதுவாக.

"கோயில் கிணத்துத் தண்ணி."

"அது செவந்து..."

"நீங்க சுண்டுவிரல் விட்ட குழாய் செவந்துது. மாவுச் சட்டியில யாரு விரல் பட்டாலும் குழி தெரியாதா எனக்கு? பக்கத்துல ஒரு குப்பி கிணத்துத் தண்ணி வேற வெதுவெதுன்னு இருந்துது. எந்த ஊருக் கிணறு வெதுவெதுன்னு சொரக்கும்?"

"அப்போ..."

"அலமாரியில உபரி ரெண்டு குழாய் சும்மாதான கெடந்துது. ஒண்ணுல கோயில் தண்ணி, ஒண்ணுல நம்ம தண்ணி. விரலும் விடல, கொதிக்கவும் வைக்கல. உங்க ரெண்டோட அதையும் சேத்துச் செவலைக்கு அடியில வச்சேன்."

"என்ன ஆச்சு?"

"கோயில் தண்ணி ஊதா மாறாம இருந்துது. நம்ம தண்ணி செவந்து, குட்டிக் குழாய் மொதக்கவே ஆரம்பிச்சிட்டு. உங்க டாக்டர்கிட்டயும் அந்தக் குழாயைக் காட்டிக் கேட்டேன். கோயில் கிணறு நல்ல கிணறுன்னு அவியளே சொன்னாவ."

"உபதேசியாருக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்லா, அப்பமே சொல்லிட்டேன். மறுபடி பாத்ததுல கோயில் கிணறு நல்லா இருக்குன்னு மட்டும் சொன்னேன். மாவு சமாச்சாரம் சொல்லல. நாலு பேரு முன்னால உங்க மானம் போக விட்டுருவேனா?"

அதற்காக அவளைக் கும்பிடலாம் போலத்தான் இருந்தது. கால் வலி அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"பொறவு எதுக்கு என்னை மிதிக்க விட்டாரு அவரு?"

"பந்தலுக்குத் தண்ணி தெளிக்க ஆளு கெடைக்கலையேன்னு அவிய எம்புட்டு வருத்தப்பட்டாவ! கேட்டதுமே சந்தோசப்பட்டாவ."

"ஏட்டி, கிணறு பந்தலுக்குப் பக்கத்துலேயே இருக்கு! அதுல இறைச்சுத் தெளிக்க வேண்டியதுதான?"

"அது நல்ல தண்ணி. தூசியில கொண்டுபோய்க் கொட்டலாமா?"

வாளியைக் கை மாற்றிக்கொண்டாள். "நம்ம கிணத்துத் தண்ணி இனிமே வாய் கொப்புளிக்கக்கூட ஆகாது. நீங்க சொல்லிக் குடுத்த விஞ்ஞானம். இன்னும் ஒரு கரண்டி ஊத்தவா?"

இரண்டு மாதம் ஆகிறது. இப்போது என் சைக்கிளில் நாலு குடம் தொங்குகிறது. குடிக்க ஒன்று, சமைக்க ஒன்று, குளித்து வாய் கொப்பளிக்க ஒன்று. நாலாவது குடம், செவலைக்கும் அதன் குஞ்சுகளுக்கும்.